இரத்தக் குழாயில் மூளும் அழல்



"நேத்து சாயங்காலம்கூட கடையில உட்கார்ந்து கோப்பி குடிச்சிட்டுத்தான் போனாரு. ஒல்லியான ஆளு. உடம்புல கொழுப்புன்னு ஒண்ணும் கிடையாது. காலையில எழுந்திருக்கவே இல்ல." துக்க வீட்டு வாசலில் இப்படிப்பட்ட பேச்சைக் கேட்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். மாரடைப்பு என்றதும் நம்ம ஆட்கள் மனத்தில் வரும் படம் ஒன்றுதான். தண்ணீர்ப் பைப்பில் அழுக்கு சேர்ந்து அடைத்துக்கொள்வது போல, கொழுப்புத் தின்றவனுக்கு இரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிறது, தின்னாதவன் தப்பித்துக்கொள்கிறான்.

இந்தப் படம் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றியதுதான் இக்கட்டுரை. உடம்பு முழுவதும் ஓடுவது ஒரே இரத்தம். அதில் உள்ள கொழுப்பும் ஒரே கொழுப்புத்தான். அப்படியிருக்க, அது எல்லா இடத்திலும் சமமாகப் படியாமல் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் படிவது ஏன்? கொழுப்பு அளவு சாதாரணமாக உள்ளவர்களுக்கும் மாரடைப்பு வருகிறதே, அது எப்படி? இந்த இரண்டு கேள்விகளோடும் வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் பல தலைமுறைகளாக மல்லுக்கட்டினார்கள். விடை, குழாய்க்குள் இரத்தம் ஓடும் போக்கிலும் குழாயின் சுவரில் மூளும் அழற்சியிலும் ஒளிந்திருந்தது.

கூழும் கல்லும்

இது இன்று நேற்று வந்த நோய் அல்ல. எகிப்து, பெரு, வட அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதி, அலூஷியன் தீவுகள் ஆகிய நான்கு வட்டாரங்களில் கிடைத்த 137 பழங்காலத்துப் பதப்பட்ட உடல்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. அவற்றில் 47 உடல்களில் இரத்தக் குழாய் கெட்டுப்போயிருந்ததற்கான அடையாளம் இருந்தது. அவர்கள் காலத்தில் துரித உணவுக் கடையும் இல்லை, சிகரெட்டும் இல்லை. நவீன வாழ்க்கை ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஓவியர் என்று நாம் பள்ளியில் படிக்கும் லியொனார்டோ டா வின்சி, 1507-ஆம் ஆண்டையொட்டி, புளோரன்ஸ் நகர ஆஸ்பத்திரியில் அமைதியாக உயிர்விட்ட ஒரு நூறு வயதுக் கிழவரின் உடலை அறுத்துப் பார்த்தார். குழாய்களின் சுவர் தடித்து, உள்வழி சுருங்கியிருந்ததைக் குறித்து வைத்தார். முதிர்ந்த ஆரஞ்சுப் பழத்தின் தோல் தடிப்பதோடு அதை ஒப்பிட்டார். ஆற்று வெள்ளம் எப்படிச் சுழல்கிறது, கரையை எங்கே அரிக்கிறது என்றெல்லாம் பக்கம் பக்கமாக வரைந்து வைத்தவரும் இவர்தான். இருதயத்தின் வால்வுக்குப் பின்னால் இரத்தம் சுழன்று திரும்புவதையும் வரைந்தார். ஆனால் அவருடைய குறிப்புகள் பல நூற்றாண்டு யாருக்கும் பயன்படாமல் கிடந்தன.

அடுத்து வருபவர் மாணவர்களுக்குத் தெரிந்தவர்: பெரியம்மைக்கு ஊசி கண்ட எட்வர்ட் ஜென்னர். நெஞ்சு வலியால் இறந்த ஒருவரின் இருதயத்தை அவர் அறுத்துக்கொண்டிருந்தபோது, கத்தி ஏதோ கல்லில் பட்டாற்போல் நறநறவென்று தட்டி, அதன் முனையே மழுங்கிப் போயிற்று. மேலே அண்ணாந்து பார்த்தாராம். பழைய கட்டடம், கூரைக் காரை பெயர்ந்து விழுந்துவிட்டதோ என்று நினைத்தார். பிறகு கவனித்துப் பார்த்தால், இருதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் எலும்பைப் போல இறுகிக் கிடந்தன. அதற்குள் ஜென்னருக்கு இன்னொரு கவலை வந்துவிட்டது. அவருடைய ஆசான் ஜான் ஹண்டருக்கும் அதே மாதிரி நெஞ்சு வலி இருந்தது. உண்மையைச் சொன்னால் ஆசான் மனம் உடைந்துவிடுவாரே என்று ஜென்னர் வாயைத் திறக்கவில்லை. தன்னைக் கோபமூட்டுகிறவன் கையில்தான் தன் உயிர் இருக்கிறது என்று ஹண்டரே சொல்வாராம். 1793-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் லண்டன் ஆஸ்பத்திரிக் கூட்டம் ஒன்றில் வாக்குவாதம் முற்றி, அங்கேயே விழுந்து இறந்தார். அறுத்துப் பார்த்தபோது ஜென்னர் பயந்ததுதான் இருந்தது.

கெட்டுப்போன குழாயின் தடிப்பைக் கீறினால் மஞ்சளாக, கொழகொழவென்று ஒரு பொருள் வெளிவரும். கிரேக்க மொழியில் கூழுக்குள்ள சொல்லைக் கொண்டு அதற்கு 'அதிரோமா' என்று பெயர் வைத்தார்கள். இறுகிப்போவதைக் குறிக்கும் 'ஸ்கிளிரோசிஸ்' என்ற சொல்லையும் சேர்த்து, 1904-இல் ஜெர்மன் நோயியல் அறிஞர் பெலிக்ஸ் மார்ஷாண்ட் 'அதிரோஸ்கிளிரோசிஸ்' என்றார். நம்ம பாஷையில் சொன்னால் கூழ்க்கட்டி நோய். டாக்டர் வாயில் வரும் நீளமான பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அர்த்தம் அவ்வளவுதான்.

வியன்னாவும் பெர்லினும்

பெயர் இருந்தது, காரணம் தெரியவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இரண்டு பெரிய மனிதர்கள் இதில் நேருக்கு நேர் மாறுபட்டார்கள். வியன்னாவில் இருந்த கார்ல் ரொக்கிடான்ஸ்கி ஏறத்தாழ 30,000 பிரேதப் பரிசோதனைகளைச் செய்தவர் என்று சொல்லப்படுகிறது. இரத்தத்தில் உள்ள பொருள்தான் குழாயின் உள்சுவரில் வந்து படிந்து, பிறகு கூழாகிறது என்பது அவர் கட்சி. பெர்லினில் இருந்த ருடால்ப் விர்ஹோ வயதில் இளையவர், பேச்சில் சூடானவர். "படிவது இரண்டாவது வேலை, முதலில் சுவரே நோய்ப்படுகிறது" என்ற கருத்தில் அவர் நின்றார். இரத்தம் மோதி உராயும் இடங்களில் சுவர் எரிச்சலுற்று, இரத்தத்தில் உள்ளதை உறிஞ்சி, அங்குள்ள செல்கள் பெருகி வீங்குகின்றன என்று 1850-களில் எழுதினார். அதாவது, அது ஒரு வகை அழற்சி.

விர்ஹோவைப் பற்றி உழைப்பாளிகளாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1848-இல் சைலீசியா மாநிலத்தில் ஏழைகள் மத்தியில் காய்ச்சல் பரவியபோது அரசாங்கம் அவரை அனுப்பிவைத்தது. மருந்துப் பட்டியலோடு திரும்பி வருவார் என்று எதிர்பார்த்தார்கள். பட்டினியும் கல்வியின்மையும் உரிமையின்மையும்தான் நோய் என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும்.

அழற்சி என்ற சொல்லைச் சற்று விளக்கிவிடுகிறேன். அழல் என்றால் நெருப்பு. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடாகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் எழுதி வைத்தார். இது உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை. விர்ஹோவின் மாணவர் கோன்ஹைம் 1867-இல் உயிருள்ள தவளையின் மெல்லிய திசுவைப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தபோது, வெள்ளை அணுக்கள் குழாயின் சுவரை ஊடுருவிக்கொண்டு வெளியே போவதைக் கண்டார். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் ரஷ்ய அறிஞர் மெச்னிகோவ், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. அந்நியப் பொருளைத் தின்று தீர்க்கும் செல்கள் அவை. பெருந்தின்னிகள் என்று சொல்லலாம். இந்தப் பெருந்தின்னிகள் பின்னால் நம் கதையில் மறுபடி வரும்.

முயல் சொன்னதும் மறந்ததும்

விர்ஹோவின் கட்சி ஓங்க வேண்டிய நேரத்தில் முயல் குறுக்கே பாய்ந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1913-ஆம் ஆண்டு அனிச்கோவ், சலாடோவ் என்ற இரண்டு இளைஞர்கள், முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து கொலஸ்டிரால் என்ற கொழுப்பைப் பிரித்தெடுத்து, சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார்கள். முயல்களின் பெருங்குழாயில் மனிதனுக்கு வருவது போன்ற கூழ்க்கட்டி வந்தது. மறுக்க முடியாத சோதனை. 1948-இல் அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 5,209 பேரைத் தேர்ந்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்தார்கள். இரத்தத்தில் கொலஸ்டிரால் கூடியவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள் ஆகியோருக்கு மாரடைப்பு அதிகம் என்பது தெளிவாயிற்று. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சணத்திலிருந்து கொலஸ்டிராலைக் குறைக்கும் பொருளைக் கண்டுபிடித்தார். இன்று பலரும் இராத்திரியில் விழுங்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளின் மூதாதை அதுதான். அந்த மாத்திரைகள் இலட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு, "கொழுப்பு காரணம் இல்லையாம்ல, சார் எழுதியிருக்காரு" என்று யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். கொழுப்பு காரணம்தான். அது மட்டும் காரணம் அல்ல.

அனிச்கோவே தம் முயல்களில் ஒன்றைக் கவனித்திருந்தார். கட்டி வந்தது பெருங்குழாய் வளைகிற இடத்திலும் கிளைகள் பிரிகிற வாயிலும். கொழுப்பைத் தின்று நுரை போல ஊதிய செல்களும் அங்கே இருந்தன. உலகம் கொலஸ்டிராலைப் பிடித்துக்கொண்டது; இந்த இரண்டையும் விட்டுவிட்டது.

ஓட்டத்தின் வேலை

இரத்தம் ஓடும் விதத்தைப் பற்றிய ஆராய்ச்சி தனி வழியில் வந்தது. இரத்தம் சுற்றி வருகிறது என்று ஹார்வி 1628-இல் காட்டினார். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழலைப் பொருத்திப் பார்த்தார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் உயரம் ஏறி நின்றது என்று 1733-இல் எழுதினார். 1840-களில் பிரெஞ்சு வைத்தியர் புவாசொய், மெல்லிய குழாயில் நீர் ஓடும் கணக்கைக் கண்டார். மாணவர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம்: அழுத்தம் மாறாமல் குழாயின் குறுக்களவு பாதியானால், ஓடும் அளவு பாதியாகாது, 16-இல் ஒரு பங்காகிவிடும். கொஞ்சம் சுருங்கினாலும் பெரிய நஷ்டம்.

ஆனால் ஓட்டம் சுவரை என்ன செய்கிறது? நம்முடைய இருதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் சுவரைத் தள்ளுவது மட்டுமல்ல, அதை உரசிக்கொண்டும் போகிறது. 1968-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் டொனால்ட் பிரை, உரசல் மிக அதிகமானால் உட்சுவரின் செல்கள் கிழிந்துபோகின்றன என்று நாய்களில் காட்டினார். கேட்பவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பலமாக உரசும் இடம்தான் தேயும், தேய்ந்த இடத்தில்தான் நோய் வரும். அடுத்த ஆண்டே, 1969-இல், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காலின் கேரோவும் அவருடைய கூட்டாளிகளும் இதைத் தலைகீழாக்கினார்கள். மனிதக் குழாய்களில் நோயின் முதல் அடையாளம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்த இடங்களில் ஓட்டம் எப்படி இருக்கும் என்று கணக்கிட்டார்கள். கட்டி வருவது உரசல் பலமான இடத்தில் அல்ல. உரசல் குறைந்து ஓட்டம் மந்தமான இடத்தில்!

இதைத் தோட்டத்து ஆட்கள் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். லயத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று பாருங்கள். பிரிக்கும் முனையில் தண்ணீர் நேராக மோதி வேகமாகப் போகும். எதிர்ப்பக்கக் கரையோரத்தில் தண்ணீர் தயங்கும், சுழலும், குப்பையும் நுரையும் அங்கேதான் சுற்றிக்கொண்டு கிடக்கும். கழுத்தில் மூளைக்குப் போகும் பெருங்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தை 1983-இல் சிகாகோவின் கிறிஸ்டோபர் சாரின்ஸ், செய்மர் கிளாகோவ் முதலியோர் இப்படித்தான் ஆராய்ந்தார்கள். கட்டி தடித்திருந்தது பிரிக்கும் முனையில் அல்ல, அதற்கு எதிரான வெளிச்சுவரில். அங்கே இரத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னும் பின்னுமாக ஊசலாடியது. பக்கவாதம் பல பேருக்குப் புறப்படுகிற இடம் அதுதான். இருதயத்தின் சொந்தக் குழாய்களிலும் கிளை பிரியும் ஓரங்கள், காலுக்குப் போகும் குழாய் பிரிகிற இடம் என்று பட்டியல் ஒத்துப்போயிற்று. கேரோ சொன்னது நின்றது.

வாய்க்கால் உவமையை ஓர் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். வாய்க்காலில் குப்பை தானாகத் தங்குகிறது. குழாயின் சுவரோ உயிருள்ளது. ஓட்டம் மந்தமானதை அது உணர்ந்து, தானே மாறுகிறது. இது எப்படித் தெரியவந்தது?

சுவருக்கு உயிர் உண்டு

குழாயின் உட்புறத்தை ஒரே ஒரு அடுக்குச் செல்கள் மூடியிருக்கின்றன. பல காலம் அதைச் சுவருக்குப் பூசிய சாயம் மாதிரிதான் நினைத்தார்கள். நியூயார்க்கில் ராபர்ட் பர்ச்காட் என்ற பேராசிரியர் முயலின் குழாய்த் துண்டுகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். உதவியாளர் ஒருவர் அவர் சொன்ன வரிசையில் செய்யாததால், சுருங்க வேண்டிய துண்டு தளர்ந்தது. விட்டுவிடாமல் துருவிப் பார்த்ததில் விஷயம் விளங்கிற்று. உள்தோல் தேய்ந்துபோன துண்டு தளர்வதில்லை; உள்தோல் சேதமாகாத துண்டுதான் தளர்கிறது. 1980-இல் இதை வெளியிட்டார். அந்த மெல்லிய தோல் ஒரு வாயுவை, நைட்ரிக் ஆக்சைடை, உண்டாக்கிக் குழாயைத் தளர வைக்கிறது. 1998-இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இரத்தம் ஒரே சீராக உரசிக்கொண்டு ஓடும் இடத்தில் உள்தோலின் செல்கள் ஓடையில் நிற்கும் மீன் போல ஓட்டத்தின் பக்கம் நீண்டு வரிசையாக நிற்கின்றன. அந்த நல்ல வாயுவை விடாமல் சுரக்கின்றன. நாம் வேகமாக நடக்கும்போது ஓட்டம் கூடி, அது இன்னும் சுரக்கிறது. ஓட்டம் தயங்கி ஊசலாடும் இடத்தில் செல்கள் வரிசை கெட்டு உருண்டையாகின்றன, வாயு குறைகிறது, இடைவெளி விட்டு ஒழுகுகின்றன. கொலஸ்டிரால் உள்ளே கசிந்து தங்கிக் கெட்டுப்போகிறது. உடனே செல்கள் மேற்பரப்பில் ஒரு வகைப் பசையை நீட்டுகின்றன. அமெரிக்காவில் சிபுல்ஸ்கி, ஜிம்புரோன் என்ற இருவர் முயல்களில் இந்தப் பசைப் புரதத்தை 1991-இல் காட்டினார்கள். ஓடிப்போகும் வெள்ளை அணு அதில் ஒட்டிக்கொண்டு, கோன்ஹைம் தவளையில் பார்த்தது போலவே சுவருக்குள் நுழைகிறது. நுழைந்ததும் மெச்னிகோவ் கண்ட பெருந்தின்னி ஆகிறது. கெட்ட கொழுப்பைத் தின்கிறது; தின்று தின்று நுரைபோல ஊதி அங்கேயே செத்துப் போகிறது. அந்தக் குப்பைதான் கூழ். முள் குத்திய காலில் நடப்பதும் இதுவும் ஒரே வேலை. காலில் முள்ளை எடுத்துவிட்டால் அழற்சி அடங்கிவிடும். குழாயில் முள் தினமும் குத்திக்கொண்டே இருக்கிறது.

இந்தத் துண்டுகளையெல்லாம் ஒன்றாகக் கோர்த்தவர்களில் முக்கியமானவர் சியாட்டில் நகரத்து ரஸ்ஸல் ராஸ். படித்தது பல் வைத்தியம்! காயம் ஆறுவதை ஆராயப் போய் இரத்தக் குழாய்க்கு வந்து சேர்ந்தார். 1973-இலும் 1976-இலும் அவர் சொன்னது இது: உள்தோலுக்கு ஏதோ ஒரு காயம் ஏற்படுகிறது, அதை ஆற்ற உடம்பு செய்யும் வேலையே எல்லை மீறிக் கட்டியாகிறது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பட்டையை மட்டும் பக்குவமாகச் சீவினால் புதுப்பட்டை வழவழவென்று வளரும். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையில் பட்டுவிட்டால் மரம் அந்தக் காயத்தை ஆற்றத்தான் பார்க்கும். ஆனால் ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். அப்புறம் அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. முடிச்சைப் போட்டது கத்தி அல்ல, மரமேதான். ராஸ் பிறகு தம் கருத்தைத் திருத்தினார். உள்தோல் கிழிய வேண்டியதில்லை, அதன் குணம் கெட்டாலே போதும் என்றார். 1999 ஜனவரியில் வெளிவந்த அவருடைய கட்டுரையின் தலைப்பே இந்நோய் ஓர் அழற்சி நோய் என்று அறிவித்தது. அதே ஆண்டு மார்ச் மாதம் காலமானார். 140 ஆண்டுக்கு முன் விர்ஹோ சொன்னது வேறு உருவத்தில் திரும்பி வந்தது. ரொக்கிடான்ஸ்கியும் முழுத் தோல்வி அடையவில்லை. இரத்தக் கட்டு சுவரில் படிந்து கட்டியைப் பெருக்குவதும் உண்மைதான்.

"நேத்து நல்லாத்தான் இருந்தாரு"

இப்போது துக்க வீட்டுப் பேச்சுக்கு வருவோம். பைப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடைபடுவதானால், மனிதனுக்கு முன்கூட்டியே மூச்சு வாங்க வேண்டும், நெஞ்சு வலிக்க வேண்டும். பலருக்கு அப்படி வருவதில்லையே! 1988-இல் வெளிவந்த சில ஆய்வுகள், மாரடைப்பு வந்தவர்களின் குழாய்ப் படங்களை அவர்களுக்கே முன்பு எடுத்திருந்த படங்களோடு ஒப்பிட்டன. மாரடைப்பை உண்டாக்கிய இடம் பலரிடம் முன்பு பாதிகூட அடைபடாத இடமாக இருந்தது. கூழ்க்கட்டியின் மேல் உடம்பு ஒரு மூடியைப் போட்டு வைக்கிறது. உள்ளே அழற்சி கனன்றால் பெருந்தின்னிகள் சுரக்கும் நீர் அந்த மூடியை அரிக்கிறது. ஒரு நாள் மூடி கிழிகிறது. கூழ் இரத்தத்தில் பட்டதும், வெட்டுக்காயத்தில் இரத்தம் உறைவது போல உறைந்து, சில நிமிடத்தில் குழாயை அடைத்துவிடுகிறது. நேற்று நன்றாக இருந்தது பொய்யல்ல.

அந்த நேரத்தில் நெஞ்சை அழுத்துவது, இடது கையிலோ தாடையிலோ வலி இறங்குவது, குளிர்ந்த வேர்வை கொட்டுவது, இவற்றைப் பார்த்து "வாயுதான், ஓமத்தண்ணி குடி, தைலம் தேய்ச்சிக்கோ" என்று சொல்லி ஒரு மணி, இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிடுகிறோம். உறைந்த இரத்தத்தைக் கரைக்கவோ, குழாயைத் திறக்கவோ ஆஸ்பத்திரியில் வழி இருக்கிறது. அதற்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும்.

இது நமக்கு மற்றவர்களைவிட அவசரமான சேதி. சிங்கப்பூரில் 1950-களின் முற்பகுதியில் நடந்த 9,000-க்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பேராசிரியர் தனராஜும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து 1959-இல் வெளியிட்டார்கள். இருதயக் குழாய் நோய் சீனர்களைவிட இந்தியர்களிடம் பல மடங்கு அதிகமாக இருந்தது. அந்தத் தனராஜ்தான் பின்னர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் டீனாக இருந்து அதைக் கட்டி எழுப்பியவர். ஒரே ஊர், ஒரே காற்று, ஒரே தண்ணீர். ஆனாலும் இந்த வேற்றுமை. 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றின் கணக்கு 2007-இல் வந்தது. முதல் மாரடைப்பு வரும் நடு வயது தெற்காசியருக்கு 53. மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. பிள்ளைகள் படித்து முடிக்காத வயது அது. சிகரெட், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, தொப்பை, நடையில்லாத வாழ்க்கை என்று அந்த ஆய்வு காட்டிய காரணங்களில் பெரும்பாலானவை நம் கைக்கு எட்டுகிறவை. தினமும் குத்தும் முள் என்று மேலே சொன்னது இவற்றைத்தான். சிகரெட்டுப் புகை உள்தோலின் நல்ல வாயுவைக் குறைக்கிறது. சர்க்கரை அந்தத் தோலைக் கெடுக்கிறது. குழாய் பிரியும் ஓரங்கள் எல்லார் உடம்பிலும் ஒன்றுதான். அவற்றை யாரும் மாற்ற முடியாது. ஒல்லியான ஆளிடமும் அந்த ஓரங்கள் உண்டு, அவர் வாயில் பெரும்பாலும் சிகரெட்டும் உண்டு. அந்தக் காலத்துத் தோட்டத் தொழிலாளி விடியற்காலையிலிருந்து மரம் மரமாக நடந்தார். தோட்டம் விட்டு டவுனுக்கு வந்த அவர் பேரன், மோட்டார் சைக்கிளை விட்டால் நாற்காலி என்று இருக்கிறான்.

செங்காந்தள்

அழற்சிதான் காரணம் என்றால், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்து மாரடைப்பைக் குறைக்க முடியுமா? இது கடைசிச் சோதனை. அழற்சி இருந்தால் இரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தை 1930-லேயே நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளிடம் கண்டுபிடித்திருந்தார்கள். 1997-இல் பால் ரிட்கர் என்ற பாஸ்டன் டாக்டர், அந்தப் புரதம் சற்றுக் கூடியிருந்த ஆண்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு அதிகம் வந்ததைக் காட்டினார். பிறகு அவர் தலைமையில் ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேருக்கு நடந்த பெரிய சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. கனகினுமாப் என்ற அந்த ஊசி கொலஸ்டிராலைக் குறைக்கவே இல்லை. அழற்சியை மட்டும் குறைத்தது. நடுத்தர அளவு ஊசி போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இருதயச் சாவு ஆகியவை 15 விழுக்காடு குறைந்தன. பெர்லின் கட்சிக்கு மனிதர்களில் கிடைத்த முதல் தெளிவான சாட்சி அது. ஆனால் நெருப்பை அணைத்தால் காவலும் தளர்கிறது. உயிரைப் பறிக்கும் தொற்றுநோய் சற்றுக் கூடியது. மொத்தச் சாவு குறையவில்லை. விலையும் எட்டாத விலை. இருதயத்துக்கென்று அந்த ஊசி புழக்கத்துக்கு வரவில்லை.

அடுத்து ஆராய்ச்சியாளர்கள் கை வைத்தது மலிவான, பழைய மருந்து ஒன்றில்: கவுட் என்னும் மூட்டு வீக்கத்துக்குக் கொடுக்கும் கோல்கிசின். இந்த மருந்துச் சரக்கு தமிழர்களுக்குத் தெரிந்த ஒரு பூச்செடியில் இருக்கிறது. பெண்களின் விரலுக்குச் சங்கப் புலவர்கள் உவமை சொன்ன காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் அது. தமிழ்நாட்டில் தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் அதன் விதைக்காகவே பயிரிட்டு வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். 2019-இல் 4,745 பேரிடமும், 2020-இல் 5,522 பேரிடமும் நடந்த இரண்டு சோதனைகளில், தினம் அரை மில்லிகிராம் கோல்கிசின் மாரடைப்பு முதலிய ஆபத்துகளைக் குறைத்தது. 2023-இல் அமெரிக்க அரசு இருதயக் குழாய் நோய்க்கு அதை அனுமதித்தது. 2024-இல் மாரடைப்பு வந்த கையோடு 7,062 பேருக்குக் கொடுத்துப் பார்த்த இன்னொரு சோதனையிலோ பலன் ஒன்றும் தெரியவில்லை. யாருக்கு, எந்தக் கட்டத்தில் கொடுக்க வேண்டும் என்ற வழக்கு டாக்டர்களிடையே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பூவை வேலியோரத்தில் பார்த்தவர்கள் கிழங்கைத் தோண்டிக் கஷாயம் வைக்கப் போய்விடாதீர்கள். அது ஆளைக் கொல்லும் விஷம்; தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதைத் தின்று இறந்தவர்கள் உண்டு. டாக்டர் கொடுப்பது அரை மில்லிகிராம், அதுவும் சிறுநீரகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு.